மூன்று மலர்களும் பட்டம் பெற்றோர் வாழ்வும்

கல்வி முடியும் நாளும் கவலை தொடங்கும் நாளும் ஒன்றாயிருத்தல் இளைஞர் பலர்க்கு இயல்பாகிவிட்டது. பாடசாலையிற் பதின்மூன்று ஆண்டு, பல்கலைக்கழகத்தில் மூன்று அல்லது நான்கு ஆண்டு என, அடுத்துச் செய்யவேண்டியது யாது என்பதைப் பிறர் வகுத்துத் தர, அவ்வழியே நடந்து பழகியவன் பட்டமளிப்பு விழா மண்டபத்தின் வாயிலைக் கடந்ததும் வழியற்ற வெளியொன்றில் வந்து நிற்கின்றான். தேர்வுத்தாளிலே வினாவை வகுத்தவர் வேறொருவர். விடை எழுதுவதே அவன் கடன். வாழ்க்கையிலோ வினாவையும் அவனே வகுத்தல் வேண்டும். வந்தாறுமூலையில் 1981ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலைக்கழகத்திலிருந்து ஆண்டுதோறும் வெளிவருவோர்க்கும், பிறவிடங்களிற் கற்று மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களுக்கு மீள்வோர்க்கும் இந்நிலை பொதுவாம். படிக்கவைத்த பெற்றோரின் எதிர்பார்ப்பு ஒருபுறம், அயலார் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒருபுறம், தன் உள்ளத்தின் விருப்பம் ஒருபுறமாக நின்று இழுக்க, இளைஞன் திகைக்கின்றான்.

இத்தகைய வேளையிலே பாட்டொன்றைத் துணையாகக் கொள்ளுதல் பழைய வழக்கம். ஆங்கிலங் கற்ற தலைமுறையினர்க்கு, கிப்ளிங் என்னும் புலவர் 1910ஆம் ஆண்டில் நூலில் வெளியிட்ட ‘இஃப்’ என்னும் பாட்டு அவ்வகையில் நெடுங்காலம் பயன்பட்டது. தந்தையொருவர் மகனுக்குக் கூறும் அறிவுரையாக அமைந்தது அது. இன்ன இன்ன நிபந்தனைகளை நிறைவேற்றுவாயாயின் உலகம் உன்னுடையது, நீ ஆண்மகனாவாய் என்பது அதன் முடிபு. நிபந்தனையும் பரிசுமாக அமைந்தமையால் அப்பாட்டு மிடுக்குடையதாய்ச் செவிக்கு உரமூட்டுகின்றது. ஆயினும் பரிசு கிட்டாதவன் யாது செய்வான் என்ற வினாவுக்கு அதனிடம் விடையில்லை. வாவிக்கரையிற் பிறந்த தமிழ்ப் பாட்டொன்று இவ்வினாவை வேறொரு வழியால் அணுகுகின்றது. சுவாமி விபுலாநந்தர் இயற்றிய ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ என்பதே அது. கல்லடி உப்போடையில், அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் அருகே மரநிழலில் அமைந்த அவரது சமாதியின்மேல் இப்பாட்டு பொறிக்கப்பட்டுள்ளது. பள்ளிச் சிறாரும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் பாட்டாதலின், எளியதெனக் கருதி ஆழ்ந்து நோக்காது கடந்து போவாரே பலர். இதனைப் பட்டம் பெற்று நிற்பான் ஒருவனின் கண்கொண்டு நோக்கின், பத்திப் பாட்டு என்னும் பெயருக்குள் அடங்காத சில உண்மைகள் புலனாகின்றன.

பாட்டின் அமைப்பு மிக எளிது. மூன்று செய்யுள், ஒவ்வொன்றிலும் ஒரு வினா, ஒரு மறுப்பு, ஒரு விடை. இறைவன் திருவடிக்கு ஏற்ற மலர் யாது என வினவி, இரண்டு மலர்களை முன்வைத்து, இரண்டும் அல்ல என விலக்கி, மூன்றாவதாக ஒன்றைச் சுட்டி முடிகின்றது ஒவ்வொரு செய்யுளும். முதற்செய்யுள் வெண்ணிற மல்லிகையையும் பிற சிறந்த மலர்களையும் விலக்கி, உள்ளமாகிய தாமரையை வேண்டுகின்றது. இரண்டாவது செய்யுள் மலர்ந்த தாமரையையும் கழுநீர் மாலையையும் விலக்கி, குவித்த கைகளாகிய காந்தளை வேண்டுகின்றது. மூன்றாவது, வண்டு பாடும் கொன்றையையும் விண்ணுலகத்துக் கற்பகத்தையும் விலக்கி, விழிகளாகிய நெய்தலை வேண்டுகின்றது. உள்ளம், கை, கண் என்னும் மூன்றுமே இறைவன் உவக்கும் மலர்கள் என்பது திரண்ட பொருள்.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. எம்மலர் எக்காலத்தில் வழிபாட்டிற்கு உரியது என வரையறுப்பதற்கெனவே சைவமரபிற் ‘புட்பவிதி’ என்னும் நூல் உண்டு. கமலை ஞானப்பிரகாசர் இயற்றியது. புறத்தே மலர் கொய்து அருச்சிக்கும் அவ்வழிபாட்டோடு, அகத்தே மலர் சாத்தும் வழிபாட்டையும் மரபு போற்றியது. கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்னும் எட்டினையும் எட்டு மலர்களாகக் கொள்வது அவ்வகப்பூசை. இலையாயினும் பூவாயினும் நீராயினும் அன்போடு இடுவதை ஏற்பேன் எனக் கண்ணபிரான் கீதையிற் கூறுவதும் அறிஞர் அறிந்ததே. ஆயின் விபுலாநந்தர் செய்தது இவற்றினின்றும் நுட்பமாக வேறுபடுகின்றது. எண்மலர் மரபு கூறுவன யாவும் பண்புகள், முயன்று பெறவேண்டியவை. விபுலாநந்தர் கூறுவனவோ உறுப்புகள், பிறக்கும்போதே உடன்வந்தவை. பொறுமை இல்லாதவன் உண்டு, தவம் இல்லாதவன் உண்டு. உள்ளம் இல்லாதவன் யாருமில்லை. கையும் கண்ணும் குறைந்தாரும் உளராயின், அவர்க்கும் முதலிற் சொன்ன மலர் எஞ்சி நிற்கின்றது. எனவே தகுதியுடையார் சிலர்க்கே உரிய பூசையாக இதனை அமைக்காது, எவரும் வெறுங்கையோடு வந்து நிகழ்த்தக்க பூசையாக அமைத்தார் புலவர். தேர்வும் தரவரிசையும் வெட்டுப்புள்ளியுமாகத் தன் தகுதியை அளந்து அளந்து களைத்த மாணவன் இவ்வமைப்பிற் காணும் ஆறுதல் சிறிதன்று.

உறுப்புகளை மலராக உவமித்தலும் தமிழ் மரபே. நெய்தல் போன்ற கண், காந்தள் போன்ற விரல் என்பன அகப்பாடல்களிற் பயின்று வரும் உவமைகள். ஆண்டு அவை தலைவியின் எழிலைப் பிறர் நோக்கி வியக்கும் முறையில் வருவன. கண் நெய்தலாவது காண்பான் ஒருவனுக்காக. விரல் காந்தளாவதும் அவ்வாறே. விபுலாநந்தர் அதே உவமைகளை எடுத்து அவற்றின் திசையை மாற்றிவிட்டார். அவர் பாட்டிற் கண் நெய்தலாவது அழகினாலன்று, ஒருவர்க்குப் படைக்கப்படுதலால். உவமையின் பயன் புகழ்ச்சியிலிருந்து கொடைக்கு மாறிற்று. பழைய பொன்னை உருக்கிப் புதிய அணி செய்தாற் போன்ற இச்செயல், சங்க நூற் பயிற்சியும் சைவ உணர்வும் ஒருங்கே வாய்த்த ஒருவர்க்கே எளிதாகக் கைகூடுவது.

இனி, விலக்கப்பட்ட மலர்கள் ஏன் விலக்கப்பட்டன என்பதை ஆராய்தல் வேண்டும். பாட்டு காரணங் கூறவில்லை. ஆயினும் ஒவ்வொரு செய்யுளிலும் இறைவனைச் சுட்டும் சொல்லிலேயே காரணம் மறைந்து கிடக்கின்றது. முதற்செய்யுள் அவனை வள்ளல் என்கின்றது. எல்லாம் கொடுப்பவனுக்கு அவன் கொடுத்த மல்லிகையையே திருப்பிக் கொடுத்தல் கொடையாகாது. இரண்டாஞ் செய்யுள் அவனை மணமகனாகக் காண்கின்றது. மணமகனுக்கு மாலை பொருத்தமுடையதே. எனினும் மாலை வாடியபின் கழற்றப்படுவது. திருமணத்தில் நிலைப்பது கைப்பிடித்தல். ஆதலின் மாலை விலக, கை அவ்விடத்தைப் பெறுகின்றது. மூன்றாஞ் செய்யுள் அவனை வாட்டம் அறியாதவன் என்கின்றது. வாடாதவனுக்கு வாடும் பூ ஏலாது என்று கொன்றையை விலக்கலாம்; வாடாப் பூவாகிய கற்பகத்தை விலக்கியது என்னை என்ற ஐயம் எழும். பாட்டின் மிகச் செறிந்த இடம் இதுவேயாம்.

கொன்றை சிவபெருமான் தானே சூடியது; அது ஏற்பவனின் உடைமை. கற்பகம் தேவருலகத்தது, மண்ணில் இல்லாதது. இரண்டும் கொடுப்பவனுடையன அல்ல. ஒன்று ஏற்கெனவே இறைவனிடம் இருப்பது. மற்றொன்று ஒருபோதும் மனிதன் கைக்கு வாராதது. இரண்டுக்கும் நடுவே, மனிதன் தன்னுடையதென்று சொல்லத்தக்கது யாது என்பதே பாட்டு எழுப்பும் உண்மையான வினா. முதற்செய்யுளில் மலர்களின் பெருமை ஆராயப்படுவது போலத் தோன்றினும், மூன்றாவதை எய்தும்போது ஆராயப்படுவது மலரன்று, உரிமை என்பது விளங்குகின்றது. தாமரையின் நிலை இதற்குச் சான்று. குளத்துத் தாமரை இரண்டாஞ் செய்யுளில் விலக்கப்படுகின்றது. உள்ளத் தாமரையோ முதற்செய்யுளில் ஏற்கப்பட்டுள்ளது. பூ ஒன்றே, வேறுபட்டது உரிமையே.

பட்டம் பெற்று நிற்பவன் தன் நிலையை இவ்விடத்திற் காணக்கூடும். அவன்முன் நிற்பனவும் இருவகை மலர்களே. ஊரார் யாவரும் கைகாட்டும் உத்தியோகம் ஒன்று. அண்ணன் சென்ற வழி, அயல்வீட்டார் சென்ற வழி. அது கொன்றை போல்வது. பெருமையுடையதேயாயினும் பிறர் சூடியது. கற்பனையில் மட்டும் உள்ள உயர்பதவியும் வெளிநாட்டு வாழ்வும் மற்றொன்று, அது கற்பகம். கொன்றையை எண்ணிச் சில காலமும் கற்பகத்தை எண்ணிப் பல காலமும் கழிய, தன்னிடம் இருப்பது யாது என்று நோக்கும் பொழுது வாராமலே போய்விடுகின்றது. யாது கிடைக்கும் என்ற வினாவை விடுத்து, என்னுடையதாய் என்னாற் கொடுக்கத்தக்கது யாது என்று வினவுமாறு பாட்டு அவனைத் திருப்புகின்றது. இது புலவர் பட்டதாரிகளை எண்ணிப் பாடியதன்று. பாட்டின் உள்ளமைப்பு இடந்தரும் பொருளேயன்றி அவர் வெளிப்படக் கூறிய கருத்தன்று என்பதை மறத்தலாகாது. நல்ல பாட்டு தன்னை இயற்றியவன் எண்ணாத வினாவுக்கும் விடையளிக்க வல்லது. எனினும் அவ்விடையைப் புலவன்மீது ஏற்றிக் கூறுதல் திறனாய்வுக்கு முறையன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. மனம், வாக்கு, காயம் என மூன்றாகப் பகுத்துக் கூறுதல் வழிபாட்டு மரபு. திருநாவுக்கரசர் தம் திருவங்கமாலையில் தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை எனப் பல உறுப்பையும் விளித்து வழிபாட்டில் ஏவுகின்றார்; ஆண்டு வாய்க்கும் இடமுண்டு. விபுலாநந்தர் மூன்றே உறுப்பைத் தேர்ந்தபோது மனத்தைக் கொண்டார். காயத்தின் பகுதியாகக் கையைக் கொண்டார். வாக்கு நிற்கவேண்டிய இடத்திற் கண்ணை வைத்தார். மேடைதோறும் பேசிய பேச்சாளர், புலவர், ஆசிரியர், பத்திரிகைகளை நடத்தியவர் நாவை விட்டுவிட்டமை வியப்புக்குரியது. வாய்க்குரிய மலருவமை தமிழில் இல்லாமலில்லை. ஆம்பலும் முருக்கும் உண்டு. ஆகவே உவமை கிட்டாமையால் விட்டாரல்லர். சொல்லாற் படைப்பது எளிது. சொல்லற்ற நோக்கினாற் படைப்பது அரிது என்ற கருத்து இத்தேர்வில் உள்ளடங்கியிருத்தல் கூடும். அவர் கண்ணைச் சுட்டக் கையாளும் ‘நாட்டம்’ என்ற சொல்லுக்கோ கண் என்பதோடு விருப்பம், ஆராய்ச்சி, குறிக்கோள் என்ற பொருள்களும் உண்டு. வெறுமனே திறந்திருக்கும் கண்ணன்று. ஒன்றின்மேல் நிலைபெற நாட்டிய கண். இத்தனை பொருளையும் ஒருசொல் தாங்கி நிற்றலின், மூன்றாவது மலர் மற்றிரண்டினும் கனமுடையதாகின்றது.

பாட்டின் குரலும் கருதத்தக்கது. தோழியொருத்தியை ‘அடி’ என விளித்துக் கூறும் முறையில் அமைந்தது அது. கும்மிப் பாட்டினதும் நாட்டார் பாட்டினதும் ஓசை அதில் உண்டு. கிப்ளிங்கின் பாட்டிலே தந்தை உயரத்தில் நிற்க, மகன் கீழே நின்று கேட்கின்றான். ஈண்டோ பூக்கொய்யச் சென்ற இருவர் தம்முள் உரையாடுவது போன்ற நிலை. வினாவும் ஒருத்தியுடையதே, விடையும் அவளுடையதே. தன் ஐயத்தைத் தானே களைந்துகொள்கின்றாள். அறிவுரை கேட்டுச் சலித்தவர்க்கு இக்குரல் இதமளிப்பது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருட் பெண்களே மிகுதியாகிவிட்ட இந்நாளில், ஆண்மகனாதலைப் பரிசாக வைக்கும் பாட்டினும், தோழியை விளிக்கும் பாட்டு பொருத்தமுடைத்து என்பதும் கூறவேண்டுவதில்லை.

பாட்டைப் புலவரின் வாழ்க்கையோடு வைத்து நோக்குதல் எப்போதும் தக்கதன்று. எனினும் ஈண்டு அது ஒளி தருகின்றது. 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்பிலும் கொழும்பிலும் கற்று, 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும், 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டத் தேர்விலும் தேறினார். இருபத்தெட்டு வயதில் அவர் நின்றதும் பட்டதாரி நிற்கும் இடமே. அந்நாளில் அறிவியற் பட்டம் பெற்ற தமிழர் மிகச் சிலராதலின் அவர்க்குப் பதவிக் குறைவில்லை. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் கிட்டிற்று. அப்பதவியிலிருந்து நீங்கி, 1922ஆம் ஆண்டில் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார்; 1924ஆம் ஆண்டில் துறவேற்று விபுலாநந்தரானார். அவர் விட்டது பிறர் ஏங்கும் கொன்றை. அதனை விட்டமை ஒன்றாலேயே அவர் பெரியரானார் எனக் கூறுதல் எளிது. ஆயின் அது முழு உண்மையன்று. விட்டபின் செய்தவற்றையே நோக்குதல் வேண்டும்.

துறவேற்றபின் அவர் தாயகம் மீண்டு பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929ஆம் ஆண்டிற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தார். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் பணி ஏற்றார். அறிவியலைத் தமிழில் உரைத்தற்கு வேண்டிய கலைச்சொல்லாக்கத்திலும் பங்குகொண்டார். இவையனைத்தினும் பட்டதாரிக்குப் பெரும்பாடமாவது அவரது ‘யாழ்நூல்’. வழக்கொழிந்த பண்டைத் தமிழ் யாழ்களின் அமைப்பையும், அவற்றிற் பிறந்த பண்களின் சுருதிகளையும் இலக்கியச் சான்றுகொண்டு மீட்டெடுக்கும் அவ்வாராய்ச்சி, வெறுந் தமிழ்ப் புலமையால் முடிவதன்று. நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் அதிர்வுக்கும் உள்ள தொடர்பும், சுருதிகளின் விகிதக் கணக்கும் அறிந்தவரே அதனைச் செய்தல் கூடும். 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் அளித்த அறிவியற் பட்டம், அவர் அதிபர் பதவியை விட்ட நாளில் வீணாயிற்றென்றே உறவினர் எண்ணியிருத்தல் கூடும். அது வீணாகவில்லை, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை விளக்குதற்குத் துணையாய் வந்து நின்றது. கற்ற கல்வி எவ்விடத்திற் பயன்படும் என்பதைக் கற்றவனும் முன்னரே அறிதல் அரிது. 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த யூலை 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

உள்ளமும் கையும் கண்ணும் ஆகிய மூன்று மலர்களுக்கு இவ்வாழ்க்கையே சிறந்த உரை. உள்ளம் எதனில் தோயும் என அறிதல் முதலாவது. அவர்க்கு அது தமிழும் தொண்டும். பல்லாண்டு ஒன்றன்மேல் நாட்டம் வழுவாதிருத்தல் மூன்றாவது. அதற்கு யாழ்நூல் சான்று. இடையில் நிற்கும் கையே விளக்கம் வேண்டுவது. பாட்டிற் கை குவிந்த கையாகவே வருகின்றது; தொழிலாற்றும் கையாக வரவில்லை. குவிந்த கை வேலை செய்யாது என்ற மறுப்பு எழுவது இயல்பே. எனினும் பொருளைப் பற்றிய கை குவியாது. குவிதற்கு முன் பிடித்ததை விடுதல் வேண்டும். பிடித்ததை விட்ட கைதான் புதிய கருவியையும் எடுக்கவல்லது. பாட்டு இவ்வளவும் கூறுகின்றது எனச் சாதித்தல் மிகையாம். தொழிலின் மாண்பு பாட்டிற் குறைந்து நிற்பதை ஒப்புக்கொண்டு, அக்குறையைப் புலவரின் வாழ்க்கை நிறைவு செய்கின்றது எனக் கொள்ளுதலே நேர்மை.

இனி, இப்பாட்டை வழிகாட்டியாகக் கொள்வதற்கு எதிராக எழும் வன்மையான மறுப்பை நோக்குதல் தகும். 2017ஆம் ஆண்டில் மட்டக்களப்பு நகரின் காந்தி பூங்காவில், வேலையற்ற பட்டதாரிகள் நியமனம் வேண்டி இரவுபகலாகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. பட்டம் பெற்று ஆண்டுகள் பல கழிந்தும் தொழிலின்றி, கைக்குழந்தையோடு பந்தலில் இருந்தோரும் அவருள் உளர். அன்னார்முன் சென்று உள்ளத் தாமரையைப் படைமின் என்று கூறுதல் ஆறுதலாகுமா, ஏளனமாகுமா? பதவி தேடி வந்தபோது அதனைத் துறந்தவரின் பாட்டு, தேடியும் கிடையாதவனுக்கு எங்ஙனம் பொருந்தும்? பசித்தவன் உண்ணாதிருத்தலுக்கும் துறவி உண்ணாதிருத்தலுக்கும் பெயர் ஒன்றாயினும் பொருள் வேறன்றோ?

இம்மறுப்பு நேரியது. இப்பாட்டைக் காட்டி, தொழில் கேட்பவனை வாய்மூடியிரு என அடக்குதல் பாட்டுக்கும் அநீதி, அவனுக்கும் அநீதி. கற்பித்த நாடு கற்றவனுக்கு வேலை தரும் வழியைக் காணவேண்டும் என்பது பொருளியல்சார்ந்த வினா. அதற்கு விடை செய்யுளில் இல்லை, இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஆயின் மறுப்பினுள்ளே வேறொரு வினாவும் மறைந்துள்ளது: தொழில் கிட்டும்வரை கழியும் ஆண்டுகளில் அவன் யார்? நியமனக் கடிதம் வராதவரை அவனுக்கு மதிப்பில்லை என ஊர் எண்ணலாம். அவனும் அவ்வாறே எண்ணத் தலைப்படுகின்றான். வேலையின்மையினும் கொடியது அவ்வெண்ணமே. ஆங்கிலப் புலவர் மில்ற்றன், பார்வை இழந்தபின் இயற்றிய பதினான்கடிப் பாட்டொன்றில் இதனை ஒத்த நிலையை ஆராய்கின்றார். ஆற்றல் இருந்தும் அதனைப் பயன்படுத்த வழியில்லாத தன்னிடம் இறைவன் கணக்குக் கேட்பானோ என அஞ்சி, மனிதன் செய்யும் வேலையையோ தரும் பரிசையோ நம்பி இறைவன் இல்லை, நின்று காத்திருப்போரும் தொண்டரே எனத் தெளிகின்றார். மில்ற்றனது விடை காத்திருத்தலுக்கு மதிப்பளிக்கின்றது. விபுலாநந்தரது விடையோ ஒருபடி மேற்செல்கின்றது: காத்திருப்பவனிடமும் கொடுத்தற்குரியது உண்டு, அதுவே வேண்டப்படுவது என்கின்றது. மூன்று செய்யுளின் இறுதியிலும் மலரை வேண்டுபவன் இறைவனே. பக்தன் வேண்டுவது பற்றிப் பாட்டில் ஓரிடத்தும் பேச்சில்லை. எவர்க்கும் வேண்டாதவனாய் நிற்கின்றேன் என்று நொந்தவன்முன், உன்னிடம் உள்ள மூன்றும் வேண்டப்படுவன என்று சொல்லும் பாட்டு இது.

இதனாற் பாட்டு ஈயும் துணையின் எல்லையும் தெளிவாகின்றது. விவசாயத்திலோ மீன்பிடியிலோ ஆசிரியத் தொழிலிலோ எதனைத் தேர்வது என அது கூறாது. கொழும்புக்குச் செல்லவேண்டுமா, ஊரில் இருக்கவேண்டுமா எனவும் கூறாது. தேர்வதற்குமுன் வினவத்தக்க மூன்றை மட்டுமே தருகின்றது. செய்யப்போகும் தொழிலில் உள்ளம் உண்டா? அதற்காகக் கை பிடித்திருப்பதை விடுமா? கண் அதன்மேல் நெடுங்காலம் நிலைக்குமா? மூன்றுக்கும் ஆம் எனும் விடை கிட்டுமாயின், அத்தொழில் சிறிதாயினும் படைக்கத்தக்க மலராம். ஒன்றுக்கும் கிட்டாதாயின், பதவி பெரிதாயினும் அது பிறர் தோட்டத்துப் பூவே. வயிற்றுக்காக விரும்பாத வேலையை ஏற்கவேண்டியவனும் இம்மூன்றையும் முற்ற இழப்பதில்லை. அலுவலகத்துக் கோப்புகளுக்கு இடையிலும் நாட்டம் ஒன்றை வளர்த்தோர் ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றிற் பலர்.

கவிதை என்ற அளவில் இதன் நிறைகுறைகளையும் சுருங்கக் கூறலாம். மூன்று செய்யுளும் ஒரே அச்சில் வார்த்தவை. முதற்செய்யுளைக் கேட்டவன் பின்னவற்றின் போக்கை ஊகித்துவிடுவான். இரண்டாஞ் செய்யுள் மற்றிரண்டையும் நோக்க மெலிந்தது. மணமகன் என்னும் குறிப்பு மலர்ந்து விரியாமல் நின்றுவிடுகின்றது. புலவரின் பெரும் புலமைக்கு முன் இப்பாட்டு சிறு துளியே. ஆயினும் அவர் எழுதிய யாவற்றிலும் மக்கள் நாவில் நிலைத்தது இதுவே. யாழ்நூலைக் கற்றார் சிலர். இப்பாட்டை அறியாதார் வாவிக்கரையில் மிகச் சிலர். சொல்லடுக்கும் ஓசையும் எளிமையும் அதற்குக் காரணம் எனலாம். விலக்கும்போது கடுமையின்றி விலக்குவதும் ஒரு காரணம். மல்லிகையும் கொன்றையும் தாழ்ந்தன என்று பாட்டு கூறவில்லை. அவை அல்ல என்று மட்டுமே கூறுகின்றது. பிறர் தேர்ந்த வழியை இகழாது தன் வழியைத் தேரும் பண்பு அதில் உண்டு. இளைஞர் கற்கத்தக்க பண்புகளில் அதுவும் ஒன்று.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் உள்ளது கல்லடி. பண்டையோர் பகுப்பின்படி அது நெய்தல் நிலம். பாட்டின் இறுதி மலரும் நெய்தலே. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பது இலக்கண மரபு. கரையில் நின்று, சென்றவன் வரவை நோக்கி வருந்தும் தலைவியின் நிலை அது. விபுலாநந்தர் அதே மலரைப் படைக்கும் கண்ணாக்கினார். வேலைக்கும் வாழ்வுக்கும் காத்து அக்கரையில் நிற்கும் இளைஞர்தம் கண்ணும் இரங்கும் கண்ணே. அது வருவதை மட்டும் எதிர்நோக்கி வருந்தும் கண்ணாய் அமையுமா, தானே ஒன்றன்மேல் நாட்டிய கண்ணாய் அமையுமா என்பது பாட்டு அவர்முன் வைக்கும் வினா. சமாதியின்மேல் உள்ள செய்யுள்களை மனப்பாடமாக ஒப்புவித்துப் பழகிய மாணவர், பட்டம் பெற்றபின் ஒருமுறை அவ்விடஞ் சென்று வினாவாகவே அவற்றைப் படித்தல் நன்று.